பஞ்சு தெரிந்தது, வெந்நீர் தெரியவில்லை

மேசை மேல் இரண்டு பித்தளை டம்ளர்கள். ஒன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர், ஆவி பறக்கிறது. இன்னொன்றில் பானைத் தண்ணீர். மேசைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். அவர் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் நர்ஸ் எஸ்தரம்மா.

எஸ்தரம்மா அவருடைய வலது கை விரலைப் பிடித்து ஒரு டம்ளரின் மேல் ஒரு நொடி வைத்து எடுத்தார். பிறகு மற்றதன் மேல் வைத்தார்.

"எது சூடு, தம்பி?"

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா கீது."

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். விளையாடுகிற ஆளே இல்லை அவர். நான் எட்டி அதே டம்ளரைத் தொட்டேன். சுரீரென்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

இது நடந்தது பூந்தமல்லி மிஷன் ஆஸ்பத்திரியில். வருஷம் கேட்காதீர்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது, ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் ஞாபகம். அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் கையில் இருப்பது பெருவியாதியா, அதாவது குஷ்டமா, இல்லையா. ஆமாம் என்றால் அவர் ஊரை விட்டுப் போக வேண்டும், நான் என் அப்பா வீட்டுக்கு. எனக்கு வயது பத்தொன்பது, வயிற்றில் ஐந்து மாதம்.

சிரிக்காத மாப்பிள்ளை

என் கல்யாணத்தைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு வேப்பம்பட்டிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். 'நலங்கில் அத்தனை பேரும் சிரிக்கும்போது மாப்பிள்ளை மட்டும் உம்மென்று இருந்தார் என்கிறீர்களே, அவ்வளவு கர்வமா அவருக்கு?'

நானும் அப்படித்தான் நினைத்தேன், அம்மா.

பூந்தமல்லியில் பூந்தோட்டக்காரர் வீட்டுப் பெண் நான். எங்கள் வீட்டில் பூ கட்டும் கையை விட வாய் வேகமாக ஓடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த திமிர் வேறு. பதினேழு வயதில் மேனாம்பேட்டுக்கு வந்தால், மாமனார் மாமியார் இல்லாத வீடு, சிறிது நஞ்சை, இரண்டு மாடு, வாய் திறக்காத ஒரு மனிதர். ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை ஒரு வார்த்தை பேசுவார்.

ஒருநாள் எருமைத் தரகர் பேசுகிற மாதிரி பேசிக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கணமே இரண்டு கையாலும் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் மிளகாய் வறுத்தால் தெருவுக்கு ஓடிவிடுவார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்குவார். இதென்ன ஆண்பிள்ளைக்கு இத்தனை நாசூக்கு என்று நினைத்தேன். காரணத்தை அவர் சொல்லவே ஐந்து மாதம் ஆயிற்று.

"சிரிச்சா பின்மண்டையில இடி எறங்குது மே. இருமினாலும் அப்டித்தான். சின்ன வயசுலேர்ந்து கீது."

"இத மொதல்லயே சொன்னா இன்னாங்க?"

"சொன்னா நீ சிரிக்க வெக்கறத நிறுத்திடுவ."

இந்த மனிதரை நான் கர்வி என்று நினைத்தேன் பாருங்கள். என் புத்தியை எதால் அடிக்க!

அம்மன் கொடுத்த கை

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது அக்கினிச் சட்டி எடுப்பார்கள். சட்டி நிறையத் தணல். அடியில் கனமாக வேப்பிலை அடுக்கி, அதன் மேல் சட்டியை வைத்துக் கையில் ஏந்தி ஊரைச் சுற்ற வேண்டும்.

எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பு ஒரு வருஷம், வழக்கமாக எடுப்பவருக்குக் காய்ச்சல் என்று இவரை நிறுத்தியிருக்கிறார்கள். பாதி வழியில் வேப்பிலை சரிந்து விழுந்துவிட்டது. இவர் வெறுங்கையில் சட்டியை ஏந்திக்கொண்டு மூன்று சுற்று வந்திருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லையாம். பூசாரி கண்ணப்பன் சட்டியை வாங்கும்போது, "மாணிக்கத்து கைய ஆத்தா வாங்கிக்கினாடா!" என்று கத்த, ஊரே காலில் விழுந்தது. (பெயரைச் சொன்னது பூசாரி. நான் இல்லை. எழுதுவது என் கைதான், வாய் இல்லை.)

அதிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் இவர்தான். வேப்பிலையே கிடையாது. திருநின்றவூரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். மற்ற நாளில் யாரும் ஏன் என்று கேட்காத மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்களே, அதனால் நான் பார்த்தது இரண்டாவது வருஷம்தான். எனக்கும் மெய்சிலிர்த்தது. பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் வீட்டுக்கு வந்து கையை விரித்துப் பார்த்தபோது, உள்ளங்கையில் கொட்டைப்பாக்கு அளவு கொப்புளங்கள். கற்றாழைச் சோற்றை வைத்துக்கொண்டே நான் அழுதேன். யாரோ ஒருவர் கையைப் பார்ப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"இல்ல மே. ஆத்தா வாங்கிக்கிறா."

நம்பினேன். ஆனால் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்குவார். ஒருநாள் மத்தியானம் தோல் கருகும் நாற்றம் அடித்தது. திரும்பிப் பார்த்தால், விரலிடுக்கில் பீடி முழுக்க எரிந்து சதையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, இவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மன் பீடிக்குமா அருள் கொடுப்பாள்? அன்றைக்குத்தான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

கிணற்றில் கயிறு இல்லை

அந்த ஆடிப் புண் தை வந்தும் ஆறவில்லை, சித்திரை வந்தும் ஆறவில்லை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மடங்க ஆரம்பித்தன. கட்டைவிரலடியில் சதை வற்றிப் பள்ளமாயிற்று.

முதலில் சின்னத்தம்பி வருவதை நிறுத்தினார். எங்கள் ஊரில் சவரம் செய்வதும் அவர்தான், கட்டி அறுத்து மருந்து கட்டுவதும் அவர்தான். அவர் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. பிறகு துணி வெளுக்கிறவர் வரவில்லை. பிறகு கிணறு. நான் குடத்தோடு போகும்போது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாயையே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்தா கோச்சிக்கினு பெருவியாதி குடுத்துட்டா. இன்னா தப்பு பண்ணானோ," என்றார் பூசாரி. கையை ஆத்தா வாங்கிக்கொண்டாள் என்று கத்திய அதே வாய்தான். கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இவர் பெருவியாதிக்காரர்களுக்கான விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கேள்விப்பட்டு என் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"இன்னா யோசன பண்ணிகினு கீற? ஏறு வண்டில. வயித்துல கீறதையாவது காப்பாத்து."

"எஸ்தரம்மா ஒரு தபா பாக்கட்டும் நைனா. அவுங்க ஆமான்னுட்டா நீ சொல்றத கேக்கறேன்."

எஸ்தரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வருவார். பூந்தமல்லிக்கு வருவதற்கு முன்பு இருபது வருஷம் பெருவியாதிக்காரர்களோடு வேலை செய்தவர் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நான் முன்னால், என் வீட்டுக்காரர் வண்டியின் வால்பக்கம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. திருவேற்காட்டில் கூவத்தைக் கடக்கும்போது இறங்கித் தண்ணீர் குடித்தோம். சிரிக்காதீர்கள், அப்போது குடித்தோம். அவருக்கு நைனா சொம்பைக் கொடுக்கவில்லை. அவர் கையால் அள்ளிக் குடித்தார்.

எஸ்தரம்மாவின் பஞ்சு

டம்ளருக்கு முன்பே நிறைய நடந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தோள், மார்பு முழுக்கத் தேமல் தேடினார். காது மடலை அழுத்தினார், புருவத்தைத் தடவினார், முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். முதுகெலும்பு ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருப்பதைக் காட்டினார். இரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியாது.

பிறகு கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு துளிப் பஞ்சைத் திரித்து எடுத்துக்கொண்டார்.

"எங்க தொடுதேன்னு மட்டும் சொல்லுங்க, தம்பி."

"கட்ட வெரலு." "உள்ளங்கை ஓரம்." "நடு வெரலு நுனி."

"இப்ப?"

"இப்ப நீங்க தொடலியே."

தொடவில்லைதான்.

அடுத்தது ஊசி. கூர் முனையால் ஒரு தடவை, மொட்டை முனையால் ஒரு தடவை. "தொட்டீங்க. தொட்டீங்க," என்றார் இவர் இரண்டுக்கும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் அந்த டம்ளர்கள்.

எஸ்தரம்மா கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது அது இல்ல. அந்த நோவு வந்த இடத்துல பஞ்சு தொட்டாலும் தெரியாது. முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கும். இவருக்கு ரெண்டும் இல்ல. இது உள்ளுக்குள்ள, முதுகுத் தண்டுல என்னமோ. பேரு எனக்குத் தெரியல."

நான் அவர் காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தினார். "அதுவா இருந்தாலும் அவர் மனுசன்தான். அவங்களோட ஒரே பந்தியில சாப்பிட்டவ நான்," என்று என் நைனா பக்கம் பார்த்துச் சொன்னார். நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த அம்மாளுக்கு நான் ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டவள். தெரிந்த மாதிரி பேசியவர்களால்தான் நாங்கள் அழிய இருந்தோம்.

"ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ நெருப்பு பட்டா இந்த ரெண்டு விரலும் போயிரும். அப்புறம் ஒவ்வொண்ணா போவும். உங்க ஊருக்கு வேணா நானே வந்து இதெல்லாம் காட்டுதேன்."

"வேணாம்மா," என்றார் இவர்.

வண்டியில் வரும்போது கேட்டேன், ஏன் வேண்டாம் என்று.

"ஆத்தா குடுத்தத நோவுன்னு சொல்லச் சொல்றியா? எனக்குன்னு கீறது அது ஒண்ணுதான் மே."

"அப்ப அதையே கட்டிகினு அழுங்க," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. நைனா மாட்டை இரண்டு அடி கூடப் போட்டார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்

மறுநாள் ஏரிக்குத் தண்ணீருக்குப் போனேன். கிணறுதான் இல்லையே. நிறைகுடத்தோடு கரையேறும்போது இவர் ஓடிவந்து என் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். பத்தடி நடந்திருப்பார். குடம் நழுவி விழுந்து உடைந்தது.

"புடிச்சிகினுதான் இருந்தேன்," என்றார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா புடிச்சிகினுதான் மே இருந்தேன்."

ஓடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, "அந்தம்மாவ வரச் சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்தரம்மா ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. இவர் கண்ணைக் கட்டி, பஞ்சு வைத்துக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்புறம் வெந்நீர் டம்ளர். முதலில் பூசாரியைக் கூப்பிட்டு அதைத் தொடச் சொன்னார். "அய்யோ!" என்று பூசாரி துள்ளியதில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இவர் விரலை அதிலும் பானைத் தண்ணீர் டம்ளரிலும் வைத்து எடுத்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

திடீரென்று ஒரு பெண் சாமி வந்து ஆட ஆரம்பித்தாள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். பூசாரி இரண்டு கையையும் தூக்கினார்: "பாத்தீங்களாடா! ஆத்தா இன்னும் கைய உடல! எவன்டா பெருவியாதின்னது?"

அவர்தான் சொன்னார். யார் அதைக் கேட்பது? உள்ளே ஓடிப்போய் அக்கினிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் முன்னால் வைத்தார். "வர ஆடிக்கும் மாணிக்கம்தான்!" ஜனங்கள் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். எஸ்தரம்மா கையில் பஞ்சோடு திகைத்துப்போய் நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கெட்ட பேரும் போயிற்று, பழைய மரியாதையும் வந்தது, கிணறும் வரும். அவர் தலையை ஆட்டினால் போதும். அதற்காக அவர் பிறகு கொடுக்கப் போகும் விரல்களை அந்த நிமிஷம் நான் மறந்துவிட்டேன்.

அவர் கண் கட்டை அவிழ்த்துச் சட்டியைப் பார்த்தார்.

"இது அருளு இல்ல பூசாரி. நோவு. எனக்கு சூடு தெரியல, அவ்ளோதான். மொத வருசமும் தெரியல, இன்னிக்கும் தெரியல. ஆத்தா பேரச் சொல்லி உங்கள எல்லாம் உழுந்து கும்புட வச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

"டேய், இன்னாடா பேசற?"

"எனக்குப் பொறக்கப்போற புள்ளைய தூக்க ரெண்டு கை வேணும் பூசாரி. எடுத்துகினு போ அத."

அருள் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். இனி மறுபடியும் பெருவியாதி என்பார்களோ என்று பயந்து நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சின்னத்தம்பி வந்தார். எஸ்தரம்மாவிடம் பஞ்சைக் கேட்டு வாங்கினார். இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காது மடலையும் பிடித்துப் பார்த்தார்.

"பஞ்சு தெரியுதுபா. அந்த நோவுக்கு இது தெரியாது. அந்தம்மா சொல்றது நெசம்." ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினார். "ஒக்காரு மாணிக்கம். மூஞ்சி காடா கீது."

அங்கேயே பெட்டியைத் திறந்து, அத்தனை பேர் முன்னாலும் மழித்துவிட்டார். மறுநாள் கிணற்றில் கயிறு இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கத்திரிக்காயும் கீரையுமாக வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஆடிக்குப் பூசாரியே சட்டி எடுத்தார். இரண்டு மடங்கு வேப்பிலை வைத்தும் அவர் அலறிய அலறல் இருக்கிறதே, ஆவடி வரை கேட்டிருக்கும்.

மருந்தில்லாத வருஷங்கள்

எஸ்தரம்மா சீட்டு எழுதிக் கொடுத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தண்டுவடத்துக்குள் நீர் கட்டியிருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது, நெருப்பிலிருந்து தள்ளி இருக்கச் சொல்லுங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர்.

அதன் முழுப் பெயர் எனக்குத் தெரிந்தது சமீபத்தில்தான். அன்றைக்கு வயிற்றில் இருந்த என் மகளுக்கும் ஐம்பது வயதில் அதே பின்மண்டை வலி வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு 'கியாரி' என்றார்கள். மூளையின் அடிநுனி மண்டையோட்டின் ஓட்டை வழியாகக் கழுத்துக்குள் இறங்கிக் கிடக்குமாம். மதகில் துணியை அடைத்தால் ஏரித் தண்ணீர் வேறு வழி பார்க்காதா, அப்படி உள்ளே ஓடுகிற நீர் தண்டுவடத்துக்குள் புகுந்துவிடுமாம். அவளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது என்னை விட சத்தமாகச் சிரிக்கிறாள். அந்த டாக்டர்களை நான் கும்பிடாத நாள் இல்லை.

அவள் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. வைத்தியம் பார்க்காவிட்டால் அந்த நோய் என்ன செய்யும் என்பதைப் பதினாலு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விரல்கள் மடங்கின, சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்தார், தூணைப் பிடித்துக்கொள்ளப் பழகினார். குரல் கம்மிற்று. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியது, கூழ் மட்டும் ஒழுங்காக இறங்கியது, அதனால் எங்கள் வீட்டில் தினமும் கூழ். தூங்கும்போது குறட்டை திடீரென்று நின்றுவிடும். உலுக்குவேன், மறுபடி ஆரம்பிப்பார்.

ஆனால் மகளைத் தூக்கினார். விரல் மடங்கினாலும் முழங்கையில் ஏந்தித் தூக்கினார். பின்மண்டையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு சிரிக்கவும் கற்றுக்கொண்டார். அவர் வாய்க்குப் போகிற எதுவும், கையில் படுகிற எதுவும், முதலில் என் விரலில் பட்டுத்தான் போகும். "சூடா கீதா மே?" என்று கேட்பார். நான் சொல்வேன். பீடியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். சொன்ன பேச்சைக் கேட்ட ஆண்பிள்ளையை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் உலுக்கினேன். அந்தத் தடவை ஆரம்பிக்கவில்லை.

குளிப்பாட்டும்போது அவர் கைகளை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சதை வற்றி, எலும்பாக, கோழிக்கால் போல மடங்கியிருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து மஞ்சள் தண்ணீர் விட்டேன். பழைய தழும்புகள் இருந்தன. பதினாலு வருஷத்தில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு இல்லை. எண்ணிப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.